சிறார் உள்ளமும் அச்சந்தரும் படக்காட்சிகளும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி நிகழ்ந்த குடும்பக் கூட்டத்திற் செய்யப்பெற்ற சொற்பொழிவு)



கல்வி நிதியைப் பற்றியும், மாணவர் விடுதிக் கட்டடத்தைப் பற்றியும் நம்மிற் கற்றோரும் அனுபவமுடையோரும் காலைமுதல் பேசியமர்ந்தனர். அவற்றின்பின் நாம் எடுத்துக்கொண்ட விஷயம் மிகச் சிறிதென்று சிலர் எண்ணுதல் கூடும். "கார்ட்டூனைப் பார்த்துக் குழந்தை அழுதால் அதற்கும் ஒரு பிரசங்கமா?" என்று, இதோ முன் வரிசையில் வீற்றிருக்கும் பெரியவர் ஒருவர் பந்தியிலேயே நம்மை வினவினார். அவர் நமக்கு மைத்துனர் முறையாதலின் அக்கேலியைப் பொறுத்துக்கொண்டோம். ஆயினும் வினாவிற்கு விடை கூறுதல் கடனாதலின், சென்ற ஆண்டு இம்மண்டபத்தில் நிகழ்ந்ததொன்றை முதற்கண் நினைவூட்டுகின்றோம்.

சென்ற ஆண்டு விழாவின் இரவில், உணவு முடிந்தபின், இவ்விடத்திலேயே வெண்டிரை கட்டிப் படமொன்று காட்டப்பெற்றது. குடும்பத்தோடு காணத்தக்கதென்றே அதனைத் தேர்ந்தனர்; தேர்ந்தவர்மீது குறை கூற நாம் வரவில்லை. விளக்குகள் யாவும் அணைக்கப்பெற்றன. கதையின் நடுவே, அதுகாறும் புன்னகையோடு வந்துபோய்க்கொண்டிருந்த பெண்ணொருத்தியின் முகம் கண்ணெதிரே திரிந்து கோரமாயிற்று. அக்கணமே மூன்று வயதுப் பாலகன் ஒருவன் வீறிட்டலறித் தன் தாயின் முந்தானைக்குட் புகுந்தான். மண்டபமே சிரித்தது. இளைஞர் ஒருவர் அவன் அழுகையைக் கைப்பேசியிற் படமெடுத்து, மறுநாட் காலையில் நமது வாட்ஸாப் குழுவில் அனுப்பினார். அதனைக் கண்டு சிரித்த முகத்தைப் பதிலாக அனுப்பினவர் பலர். அவருள் நாமும் ஒருவர். இதனைச் சபையோர்முன் ஒப்புக்கொள்ளாது மேலே பேசுதல் முறையன்று.

அப்பாலகன் அதன்பின் மூன்று வாரம் தனியே கொல்லைப்புறத்திற்குச் செல்ல மறுத்தான் என்பதும், தன்னை நோக்கி எவரேனும் புன்னகைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்பதும் அவன் தாயார் பின்னர்க் கூற அறிந்தோம். அறிந்தபொழுதும் நமக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. தோன்றியது நம் வீட்டில் நடந்தபின்னரே.

அது நிகழ்ந்து இரண்டு திங்கள் கழிந்தன. நம் பெயர்த்திக்கு அப்பொழுது வயது நான்கு. ஒரு விடுமுறை நாளின் பிற்பகலில், நாம் சிறிது கண்ணயரும்பொருட்டு, அவளைத் தொலைக்காட்சிப் பெட்டியின்முன் இருத்தி, டிஸ்னி நிறுவனத்தார் 1994-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி லயன் கிங்' என்னும் சித்திரப் படத்தைப் போட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியிற் சாய்ந்தோம். சிங்கக்குட்டியின் கதை, பாட்டும் கூத்தும் நிரம்பியது, உலகெங்கும் சிறார் கண்டுகளித்தது. நம் பெயர்த்தியும் அழவில்லை, அலறவில்லை; இறுதிவரை அசையாது பார்த்தாள். "என்ன தைரியம் பாருங்கள்!" என்று மாலையில் அனைவரிடமும் சொல்லிப் பெருமை கொண்டோம்.

அன்றிரவு நள்ளிரவில் அவள் எழுந்து, உறங்கிக்கொண்டிருந்த தன் தந்தையின் காதைப் பிடித்து இழுத்தாள். நம் மகன் வியாபார நிமித்தம் வாரத்தில் நான்கு நாள் வெளியூர் சென்று மீள்பவன்; களைத்து உறங்குபவன். "என்னம்மா?" என்று கேட்க, ஒன்றுமில்லையென்று படுத்துக்கொண்டாள். மறுநாளும் அவ்வாறே. மூன்றாம் இரவு இருமுறை இழுத்தாள். அதட்டிப் பார்த்தோம். கோயிலுக்கு அழைத்துச் சென்று திருநீறிட்டுக் கையிற் கயிறு கட்டினோம். வயிற்றிற் பூச்சியாயிருக்கலாமென்று வைத்தியரிடம் மருந்து வாங்கினோம். ஒன்பதாம் நாள் தலைவாரிக்கொண்டிருந்த தன் பாட்டியிடம் அவளே சொன்னாள்: "பாட்டி! அந்தச் சிங்கக்குட்டி அதனுடைய அப்பாவைக் காதைப் பிடித்து இழுத்தது. அது எழுந்திருக்கவேயில்லை. நம் அப்பா எழுந்திருக்கிறாரா என்று நான் பார்த்தேன்."

அப்படத்தைக் கண்டவர் அக்காட்சியை அறிவர். காட்டுமாட்டு மந்தை ஓடி மறைந்தபின், புழுதி அடங்கிய பள்ளத்தாக்கில் தந்தைச் சிங்கம் கிடக்கின்றது. குட்டி அதனை முட்டி எழுப்புகின்றது. காதைப் பற்றி இழுக்கின்றது. எழாமை கண்டு அதன் கையின் கீழே புகுந்து படுத்துக்கொள்கின்றது. அதனை நாம் முன்னரே இருமுறை பார்த்திருந்தும், 'குழந்தைகள் படம்' என்னும் பெயரைக் கேட்டமாத்திரத்தில் அக்காட்சி நம் நினைவினின்றும் அகன்றுவிட்டது. சத்தமிட்டு அழுத பாலகனைக் கண்டு சிரித்தோம். சத்தமின்றி இருந்த பெயர்த்தியைக் கண்டு மெச்சினோம். இரண்டும் பிழை.

இனி, சிறார் இவ்வாறு அஞ்சுவது மெய்யான துன்பமா, அன்றிச் சற்று நேரத்தில் மறையும் விளையாட்டா என்பதனைக் காண்போம். இவ்வினா நம் காலத்தில் எழுந்ததன்று. 1937-ஆம் ஆண்டில் டிஸ்னி நிறுவனத்தார் தமது முதல் முழுநீளச் சித்திரப் படமாகிய 'ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளரும்' என்பதனை வெளியிட்டனர். மறு ஆண்டில் அது இங்கிலாந்து சென்றபோது, அந்நாட்டுத் தணிக்கைச் சபையார் அதற்கு 'ஏ' என்னும் சான்று வழங்கினர். 16 வயதிற்குட்பட்டோர் பெரியவர் துணையின்றி அப்படத்திற்குச் செல்லலாகாதென்பதே அந்நாளில் அச்சான்றின் பொருள். இளவரசியைக் காட்டுமரங்கள் கைநீட்டிப் பற்றுதல்போற் காட்டிய காட்சியும், அழகிய அரசி கிழச் சூனியக்காரியாய் மாறும் காட்சியும் சிறு மக்களுக்கு ஒவ்வா என்பது அவர்தம் கவலை. குழந்தைகளும் காணுமாறு படைத்த ஒன்றைக் குழந்தைகள் தனித்துக் காணலாகாதென்று தணிக்கையார் கருதினமை ஈண்டு நோக்கத்தக்கது.

அதற்கும் முன்னர், 1933-ஆம் ஆண்டில், அமெரிக்காவிற் 'பேய்ன் நிதி ஆராய்ச்சிகள்' என்னும் பெயரால் சினிமாவும் சிறாரும் பற்றிய நூல்கள் பல வெளிவந்தன. ஐயோவா பல்கலைக்கழகத்தார் படம் பார்க்கும் சிறுவரின் விரல்களில் மின்கருவியைப் பொருத்தி, உள்ளக் கிளர்ச்சியால் தோலில் நிகழும் மாறுதலை அளந்தனர். அபாயக் காட்சிகளில் பெரியவரினும் சிறுவரே மிகுதியும் கிளர்ச்சியுற்றனர். (காதற்காட்சிகளிற் சிறுவர் பெரிதும் கிளர்ச்சி அடையவில்லை; 16 வயதினரே மிகுதியாக அடைந்தனர். நம் பெற்றோர் பலர் அபாயக் காட்சிக்குச் சும்மாயிருந்து காதற்காட்சிக்குமட்டும் குழந்தையின் கண்ணைப் பொத்துவது இதனால் வேடிக்கையாகின்றது.) ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் வேறு சிலர், சிறாரின் கட்டில்களிற் கருவி பொருத்தி, இரவில் அவர் எத்துணை முறை புரள்கின்றனர் என்பதனைக் கணக்கிட்டனர். படம் பார்த்த இரவுகளில் மிகுதியாகப் புரண்டோரும் உளர். அசைவற்றுக் கிடந்தோரும் உளர். படத்துக்குப் படமும், பிள்ளைக்குப் பிள்ளையும் வேறுபாடு காணப்பட்டது. அசையாதவர் அனைவரும் அமைதியுற்றவரல்லர் என்பதனை நம் பெயர்த்தியால் நாம் அறிந்துகொண்டோம்.

பிற்காலத்தில் இத்துறையில் நீண்டநாள் உழைத்தவர் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை ஜோன் கேண்டர் அம்மையார். அவரும் அவரைச் சார்ந்தோரும் கண்டறிந்தவற்றுள் நமக்கு மிகவும் பயன்படுவது ஒன்றுண்டு. எல்லாச் சிறாரும் ஒன்றற்கே அஞ்சுவாரல்லர். வயதிற்கேற்ப அச்சத்தின் காரணம் மாறுகின்றது என்பதே அது.

1985-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றிற்கு ஒரு கிழவியின் கதையை நான்கு விதமாகப் படமெடுத்தனர். ஒன்றில் அவள் பாட்டியைப்போல் இனிய முகத்தினள். மற்றொன்றிற் சூனியக்காரியைப்போல் விகாரமானவள். ஒவ்வொரு தோற்றத்திலும் ஒருமுறை பூனையொன்றை அன்பாக நடத்துகின்றாள். ஒருமுறை கொடுமையாக நடத்துகின்றாள். மூன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தைகள் அவள் செய்கையைப் பெரிதும் கருதாது முகத்தைக் கொண்டே நல்லவள் தீயவள் என்று முடிவுகட்டினர். ஒன்பது பத்து வயதினர் முகத்தை விடுத்துச் செய்கையை நோக்கினர்.

அக்காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'தி இன்கிரெடிபிள் ஹல்க்' என்றொரு தொடர் காட்டப்பெற்றது. நல்லவராகிய மருத்துவ அறிஞர் ஒருவர் சினங்கொண்டவுடன் பசிய மேனியும் பருத்த தோளும் உடைய பெரும் பூதமாய் மாறித் துன்புறுவோரைக் காப்பார். பூதம் வந்தாற் காப்பு வந்ததென்று பெரிய பிள்ளைகள் மகிழ்ந்தனர். பள்ளிப் பருவம் எய்தாத குழந்தைகளோ அவர் உருமாறும் அந்தக் கணத்திற்றான் மிகவும் அஞ்சினர். நல்லவர் ஒருவர் நல்லவராகவே இருந்து முகத்தைமட்டும் மாற்றிக்கொள்ளக் கூடுமென்பது அவர் உள்ளத்திற்கு எட்டாத செய்தி.

இதனைப் படித்தபோது நமக்குச் சென்ற ஆண்டுப் பாலகன் நினைவே வந்தது. 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த 'சந்திரமுகி'யை நம்மிற் காணாதவர் சிலரே. அதிற் கங்கா என்னும் இல்லத்தரசி வேறொருத்தியாய் மாறிக் கட்டிலை ஒரு கையால் தூக்கும் காட்சியைப் பெரியவராகிய நாம் நடிப்பென்று வியந்தோம். பேயன்று, மனநோய் என்பது அக்கதையின் முடிபு. அம்முடிபு நமக்கு ஆறுதல் தந்தது. நான்கு வயதுக் குழந்தைக்கு மனநோய் என்னும் சொல்லாற் பயனென்ன? அது கண்டது, அம்மாவைப்போலிருந்த ஒருத்தி அம்மாவல்லாதவளாய் மாறினாள் என்பதொன்றே. அம்மா அடுக்களைக்குட் சென்று திரும்பி வரும்போது அவள் முகத்தை அது உற்றுப் பார்ப்பதில் வியப்பில்லை.

இதற்கு மறுதலையான செய்தியும் உண்டு. 1983-ஆம் ஆண்டு நவம்பர் திங்களில், அணுகுண்டு வீழ்ந்து ஒரு நகரம் அழிவதைக் காட்டும் 'தி டே ஆப்டர்' என்னும் படம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பப்பட்டது. குழந்தைகள் நடுங்கிவிடுவரென்று நாடெங்கும் எச்சரிக்கை செய்தனர். பின்னர் வீடுவீடாகத் தொலைபேசியில் விசாரித்தபோது, மிகச் சிறியவரே மிகக் குறைவாகக் கலங்கியிருந்தனர். பெற்றோரே மிகுதியாகக் கலங்கியிருந்தனர். உலகம் அழியும் என்னும் எண்ணத்திற்கு அஞ்சும் அறிவு குழந்தைக்கு இன்னும் வரவில்லை. ஆதலின் நமக்கு எது அச்சந்தருகின்றதோ அதுவே குழந்தைக்கும் அச்சந்தருமென்று கொள்ளுதலும், நமக்குச் சிரிப்பைத் தருவது அதற்கும் சிரிப்பையே தருமென்று கொள்ளுதலும் ஒருங்கே தவறாகும்.

அச்சம் விரைவில் மறைந்துபோம் என்பாருக்கும் ஒரு வார்த்தை. 1999-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்றில், கல்லூரி மாணவர் 150 பேருக்குச் சற்று மிகையானோரிடம், இளமையிற் கண்டஞ்சிய படம் ஏதேனும் உண்டோ என்று கேட்டனர். பத்தில் ஒன்பது பங்கினர் உண்டென்றனர். அவருள் ஏறக்குறையக் காற்பங்கினர் அவ்வச்சத்தின் எச்சம் இன்றும் தம்மிடம் உளதென்றனர். நாமும் இதனைச் சோதிக்கவெண்ணி, சென்ற செயற்குழுக் கூட்டம் கலைந்தபின் அங்கிருந்தோரைக் கேட்டோம். நரைத்த தலையினர் ஒருவர், 1967-ஆம் ஆண்டில் வெளிவந்த 'பட்டணத்தில் பூதம்' என்னும் படத்தைச் சிறுவயதிற் கண்டநாள்முதல், கழுத்து நீண்ட ஜாடியைத் தம் வீட்டில் வைக்க இன்றும் விரும்புவதில்லை என்றார். அது சிரிப்பூட்டும் படம்! சொன்னவர் பெயரைச் சொல்லமாட்டோம். அவர் இங்கேதான் இருக்கின்றார்.

பேய்முகம் ஒருபுறமிருக்க, பெற்றோரின் சாவு என்னும் மற்றொன்றைச் சிறிது விரித்துக் கூறல் வேண்டும். நம் இல்லத்திற் புண் செய்தது அதுவே. 1942-ஆம் ஆண்டுப் படமாகிய 'பாம்பி'யில் மான்குட்டி தாயை இழக்கின்றது. தாய் வீழ்வதைக் காட்டவில்லை. துப்பாக்கி வெடிக்கும் ஓசைமட்டும் கேட்கின்றது. பின்னர்ப் பனியிற் குட்டி தனியே தாயைக் கூவித் தேடுகின்றது. இரத்தம் ஒருதுளியும் இல்லை. ஆயினும் அது காட்டாது விட்டதே பலர் உள்ளத்தில் அறுபது எழுபது ஆண்டு தங்கிற்று. 2014-ஆம் ஆண்டு டிசம்பரிற் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' என்னும் மருத்துவ இதழில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. 'ஸ்னோ ஒயிட்' முதல் 2013-ஆம் ஆண்டின் 'ப்ரோஸன்' வரை மிகுந்த வசூல் பெற்ற சிறார் சித்திரப் படங்கள் 45-ஐயும், பெரியவர்க்கென எடுத்த படங்கள் 90-ஐயும் ஒப்பிட்டனர். கதைக்கு முக்கியமானவர் இறத்தல் பெரியவர் படங்களினும் சிறார் படங்களில் இரண்டரை மடங்கு மிகுதியாயிருந்தது. கதைத்தலைவரின் பெற்றோர் இறத்தலோ ஐந்து மடங்கு. பெரியவர் படத்திலிருந்து குழந்தையை விலக்கிக் 'கார்ட்டூன்தானே' என்று சித்திரப் படத்தின்முன் இருத்துகின்ற நாம், பெற்றோர் மிகுதியும் சாகின்ற இடத்தில் அதனைக் கொண்டுபோய் விடுகின்றோம்.

கதாசிரியர் இதனை வேண்டுமென்று செய்யும் கொடுமையெனக் கொள்ளற்க. பெற்றோர் உடனிருந்தாற் சிறுவன் வீரச்செயல் செய்ய இடமேது? துருவனும் தந்தையின் மடியிலிருந்து தள்ளப்பட்ட பின்னரே காடு சென்றான். கதைக்கு இது வேண்டுவதே. அதனைக் கேட்கும் பிள்ளையின் வயதே நாம் பேசும் பொருள்.

இங்கே நம் மைத்துனர் எழுந்து கேட்பார்: "எம் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து கொள்ளிவாய்ப் பிசாசின் கதையும், புளியமரத்து முனியின் கதையும் சொல்லவில்லையா? நாம் என்ன கெட்டுப்போனோம்?" நல்ல கேள்வி. கதையிலுள்ள அச்சம் குழந்தைக்கு ஆகாது என்று நாம் சொல்லவில்லை. 1976-ஆம் ஆண்டில் புரூனோ பெட்டல்ஹைம் என்னும் மனநூலறிஞர், பழங்கதைகளிலுள்ள அரக்கரும் சூனியக்காரியரும் பிள்ளைகள் தம் உள்ளத்து அச்சங்களை எதிர்த்து நிற்கத் துணைசெய்கின்றனர் என்று ஒரு நூலே எழுதினார். அவரும் படமில்லாது வாயாற் சொல்லக் கேட்பதே மேலென்று கருதியவர். பாட்டி சொல்லும்போது பிள்ளை அவள் மடியிற் கிடந்தது. முனி வரும் இடத்தில் அது அவள் புடவையை இறுகப் பற்றினால், பாட்டிக்குத் தெரியும். உடனே முனியைச் சோறு தின்னச் செய்வாள், அல்லது அவன் வேட்டி அவிழ்ந்து விழுந்ததென்பாள். பிள்ளை தன் மனத்தில் முனியை எவ்வளவு பெரிதாக வரைந்துகொள்ளத் தாங்குமோ அவ்வளவே வரைந்துகொண்டது. வெண்டிரைக்குப் பிள்ளையின் முகம் தெரியாது. அது எவர் பொருட்டும் நில்லாது; இருபதடி உயரத்தில், காது செவிடுபட, தன் கதையை ஓட்டிக்கொண்டே போகும். ஆகவே பாட்டி பார்த்த முகத்தை உடனிருப்போர் எவரேனும் பார்த்துக்கொண்டிருத்தல் வேண்டும். நாமோ படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றோம். அன்றி, நம்மைப்போல் உறங்கிவிடுகின்றோம்.

பாட்டியையும் முற்றும் போற்றிவிடற்கில்லை. சோறுண்ணாத குழந்தையைப் 'பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போவான்' என்று அச்சுறுத்துதல் நம் வீடுகளிற் பழக்கம். இப்பொழுது பூச்சாண்டிக்குப் பதிலாகப் படத்துப் பேயின் பெயரைச் சொல்லுகின்றனர். படத்தைக் கண்டு அஞ்சிய குழந்தையை அப்பெயர் கொண்டே உண்பித்தலும் உறங்குவித்தலும், புண்ணிற் கோலிடுதலை ஒக்கும். இதனைச் செய்பவர் தாய்மாரே என்று ஆண்மக்கள் நகைக்கவேண்டா. செய்பவருள் மாமன்மாரும் சிற்றப்பன்மாரும் மிகுதி.

அஞ்சிய குழந்தையை ஆற்றுவது எங்ஙனம்? இதிலும் வயதறிந்து செய்தல் வேண்டும். 1984-ஆம் ஆண்டில் கேண்டர் அம்மையாரும் அவருடன் உழைத்த வில்ஸன் அம்மையாரும் வெளியிட்ட ஆராய்ச்சியில், 1939-ஆம் ஆண்டின் 'தி விஸர்ட் ஆப் ஆஸ்' படத்துச் சூனியக்காரி தோன்றும் பகுதியைக் காட்டினர். "இது பொய், கதை என்பதை நினைவில் வைத்துக்கொள்" என்று முன்னே சொல்லிவைத்தது ஒன்பது வயதிற்கு மேற்பட்டவருக்கு உதவிற்று, ஐந்து வயதும் அதற்குக் கீழும் ஆனவருக்குச் சிறிதும் உதவவில்லை. நாம் வழக்கமாகச் சொல்லுவது இச்சொல்லே அன்றோ? 'அது பொம்மைதான், அழாதே' என்கின்றோம். பொம்மை என்பது அதற்கும் தெரிந்திருக்கலாம்; தெரிந்தும் அஞ்சுகின்றது. அவ்வயதிற்கு மடியும், இடுப்பிற் சுற்றிய கையும், ஒரு வாய்த் தண்ணீரும், அவ்விடம் விட்டு அகன்று விளக்கொளிக்கு வருதலுமே மருந்து. சொல்லைக்காட்டிலும் காட்சி உதவும். அமெரிக்காவிற் சிறாருக்கென நிகழ்ச்சி நடத்திவந்த பிரெட் ராஜர்ஸ் என்பவர் 1980-ஆம் ஆண்டில் ஹல்க் வேடம் பூணும் நடிகரின் ஒப்பனை அறைக்கே சென்று, அவர் முகத்திற் பச்சை வர்ணம் பூசுவதைப் படிப்படியாகக் காட்டினார். நம் ஊர்க் கூத்துக்களில் வேடம் கட்டும் இடத்தைச் சுற்றிப் பிள்ளைகள் எட்டிப் பார்த்து நிற்பதை நாம் விரட்டியிருக்கின்றோம். விரட்டாமல் விட்டிருக்கலாம்.

நம் பெயர்த்திக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். காரணம் தெரிந்தபின் விளக்கவுரை யாதும் கூறவில்லை. அவள் காதை இழுக்கும்போதெல்லாம், எந்நேரமாயினும், எழுந்து உட்கார்ந்து அவளைப் பார்த்து ஒரு சொல் சொல்லுமாறு மகனிடம் கூறினோம். அவன் வெளியூரிலிருக்கும் இரவுகளிற் படுக்குமுன் தொலைபேசியிற் பேசுவான். விடிந்தவுடன் மறுபடியும் பேசுவான். ஆறு வாரத்திற் காதிழுத்தல் நின்றது.

அரசாங்கத்தார் இதற்கென ஏதும் செய்யவில்லையோ என்பார் உளர். செய்திருக்கின்றனர். 1952-ஆம் ஆண்டுச் சினிமாச் சட்டத்தின்படி தணிக்கைச் சான்று வழங்கப்படுகின்றது. 2023-ஆம் ஆண்டில் அச்சட்டத்தைத் திருத்தி, பெற்றோர் துணையோடு காணத்தக்க 'யு/ஏ' என்னும் ஒரே வகுப்பை 7 வயது, 13 வயது, 16 வயது என மூன்றாகப் பகுத்தனர். படத்தின் முதலில் தோன்றும் சான்றிதழைப் படிக்கும் பொறுமை நமக்கிருந்தால் அது விளங்கும். ஆயினும் 'யு/ஏ' என்பது தடையன்று. பெற்றோரே ஆராய்ந்து முடிவுசெய்க என்னும் அறிவிப்பேயாம். ஏழு என்று எழுதியிருக்கும் படத்திற்கு நான்கு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாம் சென்றால், வாயிலில் நிற்பவர் தடுக்கமாட்டார்.

இவற்றையெல்லாம் சொல்லிப் படமே வேண்டாவென்று நாம் கூறுகின்றோமல்லோம். சிறிது அச்சம் சிறாருக்கு இன்பமே. கண்பொத்தி விளையாடாத குழந்தை ஏது? எட்டு வயதுப் பையனை மூன்று வயதுத் தம்பியின் பொருட்டுப் பொம்மைப் படத்திலேயே நிறுத்திவைத்தலும் நியாயமன்று. இவ்வாண்டும் விழாவின் இறுதியில் படக்காட்சி வைப்பதெனச் செயற்குழுவார் முடிவு செய்திருக்கின்றனர். அதனை நிறுத்தும்படி நாம் கேட்கவில்லை. நாளை அவர்கள் படத்தைத் தேர்வதற்குக் கூடும்போது சிலவற்றைக் கருதவேண்டுமென்றே கேட்கின்றோம். படத்தைத் தேர்பவர் அதனை முன்னரே ஒருமுறை முழுதும் பார்த்திருத்தல் வேண்டும். பெயரையும் சுவரொட்டியையும் நம்புதல் போதாது. ஏழு வயதிற்குட்பட்டவருக்குப் பக்கத்துச் சிற்றறையில் வேறொரு சிறு காட்சியோ, பாட்டிமார் சொல்லும் கதையோ நடக்கட்டும். கதை சொல்ல நம் இல்லத்தார் இசைந்திருக்கின்றார். பெரிய மண்டபத்தில் எல்லா விளக்கையும் அணையாது பின்புறத்து விளக்கொன்றை எரியவிட்டு, பக்கக் கதவொன்றைத் திறந்துவைக்க வேண்டும். குழந்தையோடு எழுந்து வெளியேறும் தாயை நோக்கி எவரும் 'உட்காருங்கள்' என்று கூவலாகாது. ஒலியைச் சற்றுத் தணித்து வைத்தாற் காது மந்தமான நம்போன்றோர் முன்வரிசைக்கு வந்துகொள்கின்றோம். அழும் குழந்தையை எவரேனும் கைப்பேசியிற் படமெடுத்தால், அக்கைப்பேசியைக் காரியதரிசி அவர்கள் விழா முடியும்வரை வாங்கி வைத்துக்கொள்ள அதிகாரம் அளிக்கவேண்டும். இக்கடைசி யோசனைக்கு இளைஞர் பகுதியிலிருந்து கைதட்டல் வரவில்லை. வரும் என்று நாமும் எதிர்பார்க்கவில்லை.

சென்ற ஆண்டு அழுத பாலகனின் பெற்றோர் இன்று இங்கு வந்திருக்கின்றனர். நாம் அனுப்பிய சிரித்த முகத்திற்காக அவர்களிடம் நேரே மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். பையன் நம்மைக் கண்டு ஒளிந்துகொண்டான். பின்னர்ச் சர்க்கரை மிட்டாய்க்கு வெளியே வந்தான்.

நம் பெயர்த்திக்கு இப்பொழுது ஐந்து வயது. சென்ற வாரம் தொலைக்காட்சியிற் படங்களின் வரிசை ஓடியபோது அச்சிங்கத்தின் முகம் தோன்றிற்று. நாம் விரைந்து மாற்றப் போனோம். அவள் நம் கையைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா! இந்தப் படத்தை நான் பெரிய வகுப்புக்குப் போனதும் பார்ப்பேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நீங்களும் இருக்கலாம். ஆனால் தூங்கக் கூடாது" என்றாள். நாம் ஒப்புக்கொண்டோம்.